ஆறு கறுத்தால் சட்டம் படிக்கும் பிள்ளையால் என்ன செய்ய முடியும்?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், இடையிடையே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள், பக்கத்தில் சிலாங்கூர் ஆறு. கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்று நீர்தான். 2020 செப்டம்பரில் மேலே ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்ததால் 4 சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. ஆகவே இங்கே ஒரு ஓடை நாறினால் அது இந்த ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

2024 ஜூலையில் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகலாம் என்ற செய்தி வாட்சப்பில் சுற்றியது, சுற்றிக்கொண்டும் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய அபராதம் இருந்தும் ஏன் எதுவும் நடக்கவில்லை? அப்புறம், தோட்டத்துப் பிள்ளைகள் இத்தனை பேர் சட்டம் படிக்கிறார்களே, ஒரு கேஸ் போட முடியாதா?

இரண்டுக்கும் பதில் சட்டப் படிப்புக்குள்ளேயே இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுற்றுச்சூழல் சட்டத்தை ஒரு விருப்பப் பாடமாகவும், வழக்கறிஞர் அறத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் விதிகளாகவும் பிரித்து வைப்பதுதான் நம் சட்டக் கல்வியில் பெரிய குறை. ஆறு சம்பந்தப்பட்ட எந்த வழக்கை எடுத்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் வந்து நிற்கின்றன.

முதலில், சட்டம் எங்கே இருக்கிறது

"சுற்றுச்சூழல் சட்டம்" என்று ஒரே புத்தகம் கிடையாது. மாணவர் நான்கு இடத்தில் தேட வேண்டும்.

1. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம். இதை நடத்துவது சுற்றுச்சூழல் இலாகா. செம்பனை ஆலைகளுக்கென்று 1977-இல் தனி விதிமுறைகள் வந்தன, ரப்பர் ஆலைகளுக்கு 1978-இல். ஆலை நடத்த உரிமம் வேண்டும், வெளியே விடும் கழிவுநீர் உரிமத்தில் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

2. மாநிலச் சட்டங்கள். கூட்டரசு அரசமைப்பின் 9-ஆவது அட்டவணைப்படி நிலம், காடு, ஆறு எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். "சுற்றுச்சூழல்" என்று தனியாக ஒரு தலைப்பு அந்த அட்டவணையிலேயே இல்லை. புகார் கொடுக்கப் போனவரை ஒரு இலாகா இன்னொரு இலாகாவுக்கு அனுப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

3. பழைய பொதுச் சட்டம். அண்டை வீட்டாருக்குத் தொல்லை கொடுப்பது, கவனக்குறைவு, ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் வைத்து வெளியே தப்பவிடுவது. கடைசியாகச் சொன்னது 1868-இல் இங்கிலாந்தில் முடிவான ரைலண்ட்ஸ் வழக்கிலிருந்து வந்த கொள்கை. நஷ்டஈடு கேட்பதென்றால் பெரும்பாலும் இந்த வழிதான்.

4. அரசமைப்பின் 5-ஆவது பிரிவு, அதாவது உயிர் வாழும் உரிமை. 1996-இல் தான் தெக் செங் வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம், தூய்மையான சூழலில் வாழ்வதும் அந்த "உயிர்" என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றார். அந்த வழக்கு ஆற்றைப் பற்றியது இல்லை, ஓர் ஆசிரியரின் பணிநீக்கம் பற்றியது. அதனால் அந்த வரி அழகாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து ஓர் ஆலையை மூட வைக்க முடியாது. நல்ல கட்டுரை எழுதும் மாணவரையும் மேற்கோளை அப்படியே ஒட்டும் மாணவரையும் இந்த ஒரு இடத்திலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஆலைக் கழிவுநீர் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செம்பனைக் குலையை ஆவியில் வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கெட்டியான பழுப்பு நிறத் தண்ணீர் அது. விஷம் கலக்கப்பட்டதல்ல. ஆனால் அதில் இருக்கும் கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்போது ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடுகின்றன, மீன் மூச்சுவிட முடியாமல் மிதக்கிறது. இந்த ஆக்சிஜன் பசியைத்தான் பி.ஓ.டி. என்ற அளவால் சொல்கிறார்கள். சுத்திகரிக்காத ஆலைக் கழிவில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1978-இல் 5,000 வரை விடலாம் என்று தொடங்கிய சட்டம், ஆலைகளுக்குக் குட்டைகள் வெட்டி முறைகளைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்து, படிப்படியாக இறக்கி 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு இந்த 6 வருடக் கதையைக் காட்ட வேண்டும். விதி தெளிவாக இருந்து, கண்காணிப்பும் இருந்தால் தொழிற்சாலை மாறும்.

வகுப்பில் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் புலம் 1972-இல் தொடங்கியது, இன்று அரசு, தனியார் என்று பல இடங்களில் படிக்கலாம். ஒப்பந்தம், குற்றவியல், நிலச் சட்டம் எல்லாம் கட்டாயம். சுற்றுச்சூழல் சட்டம் பொதுவாக விருப்பப் பாடம்.

மாணவர் செய்யும் வேலைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பிரச்சினைக் கேள்வி. ஒரு கதையைக் கொடுத்து "உங்கள் சட்ட ஆலோசனை என்ன?" என்று கேட்பார்கள். நம் வட்டாரத்துக்கு ஏற்ற ஒன்றைக் கற்பனையாகவே எடுத்துக்கொள்வோம்: மழை பெய்யும் இரவுகளில் ஓர் ஆலை, குட்டை நிரம்பியதால் கழிவை நேராக ஓடையில் விடுகிறது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருப்பவர்களுக்கு நாற்றம் தாங்கவில்லை, கீழே ஒருவரின் மீன் குட்டை செத்துப் போகிறது. மாணவர் எப்படி யோசிக்க வேண்டும்?

1. எந்த விதி மீறப்பட்டது? உரிம நிபந்தனையா, ஆற்றை மாசுபடுத்தத் தடை விதிக்கும் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 25-ஆவது பிரிவா, இரண்டுமா?

2. யார் மீது? கம்பெனி மட்டும் இல்லை. அதே சட்டத்தின் 43-ஆவது பிரிவுப்படி இயக்குநர், மானேஜர் போன்றவர்களும் பொறுப்பு. தனக்குத் தெரியாது என்பதையும் தேவையான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்பதையும் அவர்களே நிரூபித்தால்தான் தப்பலாம். மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடும் பிரிவு இது.

3. யார் வழக்குத் தொடுப்பது? குற்ற வழக்கு என்றால் அந்த அதிகாரம் அரசமைப்பின் 145(3) பிரிவுப்படி சட்டத்துறைத் தலைவரிடம். லயத்துக்காரர் நேரே போய் 1 கோடி அபராதம் கேட்க முடியாது. அபராதம் வசூலானாலும் அது அரசாங்கத்துக்குத்தான் போகும், மீன் குட்டைக்காரருக்கு இல்லை.

4. நஷ்டஈடு யார் கேட்கலாம்? மீன் குட்டைக்காரர் கேட்கலாம், ஆனால் மீன் செத்தது இந்தக் கழிவால்தான் என்று அவர் காட்ட வேண்டும். மேலே இரண்டு ஆலையும் ஒரு பன்றிப் பண்ணையும் இருந்தால் அங்கேயே வழக்கு தடுமாறும்.

5. சான்று எங்கே? மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்த ஓடைத் தண்ணீர் பெரிதாக உதவாது. எப்போது, யார், எங்கே எடுத்தார்கள், யார் கையில் இருந்தது, யார் சோதித்தார்கள் என்ற சங்கிலி அறாமல் இருக்க வேண்டும்.

அபராதம் ஏறியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்ற முதல் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டி, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போய், 111 பள்ளிகள் மூடப்பட்ட பிறகுதான் பழைய அபராதம் எவ்வளவு சிறியது என்று நாடு முழுவதும் பேசினார்கள். தொகையை உயர்த்தியது நியாயம். ஆனால் மூன்றாவது, ஐந்தாவது படிகளைத் தாண்டாமல் அந்தத் தொகைக்கு யாரும் போய்ச் சேர முடியாது.

அறம் எங்கே வருகிறது

அதே கதையை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். நீங்கள் அந்த ஆலையின் வழக்கறிஞர். மானேஜர் வந்து உட்கார்ந்து, போன மாதம் மூன்று ராத்திரி கழிவை விட்டோம், இப்போது இலாகா கடிதம் போட்டிருக்கிறது என்கிறார். இதை வெளியே சொல்லலாமா?

கூடாது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதைக் காக்கிறது. நடந்துபோன தவற்றுக்கு ஆலோசனை கேட்டு வந்தவர் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல இடம் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் அவரே, அடுத்த மழைக்கும் விடப்போகிறோம், பதிவேட்டில் எண்ணை எப்படி எழுதினால் மாட்டமாட்டோம் என்று கேட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்ன பேச்சை அந்தப் பிரிவு மூடுவதில்லை. வழக்கறிஞராக நியமிக்கப்பட்ட பிறகு நடக்கும் குற்றத்தையோ மோசடியையோ நேரில் கவனித்தாலும் அதே நிலைதான்.

இப்படி ஒரு கோடு இருக்கிறது என்பது விதிப் புத்தகத்தில் ஐந்து வரி. சின்ன ஊரில் அது எப்படி வந்து நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் இரண்டு மூன்று வழக்கறிஞர் அலுவலகம்தான். அதே அலுவலகம் தோட்டக் கம்பெனிக்கு நிலப் பத்திரமும் எழுதும், கிராணி (தோட்ட எழுத்தர்) மகளின் மணமுறிவு வழக்கையும் எடுக்கும். லயத்திலிருந்து ஓர் அம்மா வந்து, பிள்ளைக்குத் தோல் அரிப்பு நிற்கவே இல்லை ஐயா, ஓடைத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல ஆரம்பித்தால் அந்த வழக்கறிஞர் அவரை எந்த வாக்கியத்தில் நிறுத்த வேண்டும்? முழுவதும் கேட்டுவிட்டு, பிறகு கம்பெனி என் கட்சிக்காரர் என்று சொன்னால் அந்த அம்மாவின் இரகசியமும் இவர் கையில் இருக்கும், கம்பெனிக்கான கடமையும் இவர் கையில் இருக்கும். நலன் முரண் என்ற தலைப்பை இப்படி ஊரோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் எந்த மாணவருக்கும் மறக்காது.

மறுபக்கமும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆலைக்காக வாதாடுவது பாவம் இல்லை. 1978-ஆம் ஆண்டு தொழில் ஒழுங்கு விதிகள், கட்சிக்காரரின் நலனை அஞ்சாமல் காக்கச் சொல்கின்றன. அதே மூச்சில் நீதியின் நலனையும் தொழிலின் கண்ணியத்தையும் சொல்கின்றன. 1976-ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, வழக்கறிஞர் சங்கத்தின் முதல் நோக்கமாகவே, தன் நலன் பாராமல், பயமோ சலுகையோ இல்லாமல் நீதியைக் காப்பதை வைத்திருக்கிறது. ஆலைக்கு நல்ல வழக்கறிஞர் கிடைத்தால், குட்டையை ஆழப்படுத்துங்கள், இலாகாவிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவராகவே இருக்கலாம். ஆற்றைக் காப்பாற்றும் வேலையில் பாதி அந்த மூடிய அறைக்குள் நடக்கிறது என்பேன்.

படிக்க வேண்டிய வழக்குகள்

புக்கிட் மேரா. ஈப்போவுக்கு அருகே ஏசியன் ரேர் எர்த் ஆலை, தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. ஊர் மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள், அவர்களுக்காக நின்றவர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது: கம்பெனியின் நிபுணர்கள் சொன்னதை ஏற்றது, மக்கள் முதலில் உரிமம் கொடுத்த வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றது. அடுத்த மாதமே கம்பெனி ஆலையை மூடுவதாக அறிவித்தது. வழக்கில் தோற்றும் மக்கள் ஜெயித்ததாக இதைச் சொல்வார்கள். ஆனால் நிபுணர் சாட்சியம் எவ்வளவு செலவு பிடிக்கும், ஏழைகள் பக்கம் விஞ்ஞானி நிற்க யார் பணம் கொடுப்பது என்ற கேள்விதான் சட்ட மாணவருக்கு முதன்மையானது.

இந்தியாவின் 1996-ஆம் ஆண்டு வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கையும் படிக்கிறார்கள். பாலாற்றுப் பக்கத்து மாசுக்காக, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்துக்கு முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நமக்கு அது கட்டாயமில்லை, துணையாகக் காட்டலாம், அவ்வளவே.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது தாமான் ரிம்பா கியாரா வழக்கு. கோலாலம்பூரில் ஒரு பசுமைப் பூங்கா, அதில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் அனுமதி. பக்கத்துக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, 2023 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அக்கம்பக்கத்தாருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டா என்ற பழைய இடைஞ்சலில் இது பெரிய முன்னேற்றம். அனுமதி கொடுத்த மாநகர் மன்றத் தலைவரே திட்டத்தில் பங்குள்ள அறக்கட்டளையின் அறங்காவலராகவும் இருந்த நலன் முரணும் பேசப்பட்டது. சூழல் சட்டமும் அறமும் ஒரே கோப்பில்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் பூங்காவின் ஓரத்தில் ஒரு நீண்ட வீட்டு வரிசை இருக்கிறது. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களை, தோட்டம் கையகமானபோது 1980-களில் தற்காலிகம் என்று சொல்லி அங்கே வைத்தார்கள். நம் ஆட்கள். ரத்தான அந்தத் திட்டத்தில்தான் அவர்களுக்கு வீடு தருவதாகவும் இருந்தது. பூங்கா காப்பாற்றப்பட்டது சரி, அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நானும் நினைக்கிறேன். அதே சமயம் நகரத்தாரின் மரங்களையும் தோட்டத்தாரின் வீட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திய திட்டத்தை யார் வரைந்தார்கள், அந்தக் குடும்பங்களுக்காக யார் தனியாகப் பேசினார்கள் என்று கேட்காமல் அந்த வழக்கை வகுப்பில் முடித்துவிடக் கூடாது. தோட்டப்புறத்திலிருந்து போகும் மாணவர் ஒருவர் இதை எழுதினால் அந்தக் கட்டுரையில் வேறு யாரும் காணாத ஒரு பக்கம் இருக்கும். எழுதுங்கள்.

களத்தில் இறங்கும் மாணவருக்கு

சில பாடங்களில் சமூகத்துக்குள் போய்ச் சட்ட விளக்கம் கொடுப்பது, பேட்டி எடுப்பது, ஆய்வறிக்கை எழுதுவது எல்லாம் உண்டு. லயத்துக்குள் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. வீடும் வேலையும் ஒன்று. ஆலையைப் பற்றிப் பேசியவர் வேலையை இழந்தால் வீட்டையும் இழப்பார். பெயரைப் போடாமல் விட்டாலும், 12 வீடுள்ள லயத்தில் "பாய்லர் பகுதியில் வேலை செய்யும் ஒருவர்" என்று எழுதினால் மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) ஆளைத் தெரிந்துவிடும்.

2. 2010-ஆம் ஆண்டு தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் சொன்னவருக்குத்தான் துணை நிற்கும். அதே வீடியோவை முகநூலில் போட்டாலோ பத்திரிகைக்குக் கொடுத்தாலோ அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வராது. இதைப் பேட்டிக்கு முன்பே சொல்லுங்கள், பிறகு சொல்லிப் பயனில்லை.

3. இன்று ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். நம் குடும்பங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறிவிட்டன. அவர்களின் குரலை விட்டுவிட்டு நம்மவர் நினைவுகளை மட்டும் எழுதினால் ஆய்வு பாதிதான்.

4. சம்மதம் என்பது கையெழுத்து மட்டும் இல்லை. மலாய்ப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காமல், அவரவர் மொழியில் சொல்லி, வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு கேஸ் போட முடியாதா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மாணவரால் முடியாது. சட்டத் தொழில் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, தகுதி பெறாதவர் வழக்கறிஞராகச் செயல்படுவதைத் தடுக்கிறது. பட்டம் வாங்கினாலும் போதாது, 9 மாதம் ஒரு மூத்தவரிடம் பயிற்சி முடித்து, அறப் பயிற்சி வகுப்புக்கும் போய், உயர் நீதிமன்றத்தில் ஏற்கப்பட வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பலருக்கு அதற்கு முன் சி.எல்.பி. என்ற தகுதித் தேர்வும் உண்டு, அதிலும் தொழில் நடைமுறை ஒரு தாள். வீட்டில் மாமா, சித்தப்பா வற்புறுத்துகிறார்கள் என்று மாணவர் யாருக்காவது வக்கீல் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தால் அவருடைய எதிர்காலமே மாட்டிக்கொள்ளும்.

வழக்கறிஞர் ஆன பிறகும், ஜெயித்தால் இவ்வளவு பங்கு கொடுங்கள், தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்று பேசிக்கொள்ள முடியாது, அதே சட்டத்தின் 112-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. தோற்றவர் எதிர்த்தரப்புச் செலவையும் கட்ட நேரலாம். லயத்துக் குடும்பம் வழக்குக்குப் பயப்படுவது இதனால்தான்.

ஆனால் மாணவர் இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் பதிவு தொடங்குவது: தேதி, மணி, மழை பெய்ததா, நிறம், நாற்றம், எந்தப் பாலத்துக்குக் கீழே, யார் பார்த்தது, படம் எடுத்த போன் யாருடையது. ஒவ்வொரு முறையும் இலாகாவுக்குப் புகார் கொடுத்து, புகார் எண்ணையும் அதே வரியில் எழுதுவது. யார் மீதும் குற்றம் சொல்லாமல் பார்த்ததை மட்டும் எழுதுவது. இதற்கு உரிமம் தேவையில்லை, செலவும் இல்லை. நாளைக்கு ஓர் அதிகாரியோ வழக்கறிஞரோ கோப்பைத் திறந்தால் அவர் முதலில் கேட்கப்போவது இந்த நோட்டைத்தான்.